3 வருஷம் ஹோட்டல் வேலை, ஒரு பழைய பைக்: ஜி.டி.நாயுடு வண்டியைப் பிரித்துக் கற்ற கதை

பழைய வில்லிஸ் ஜீப்பையோ, தாத்தா காலத்து புல்லட்டையோ தேடிப் பிடித்து வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றி, மறுபடி ஓட வைப்பது இப்போது பலருக்கும் பொழுதுபோக்கு. வார இறுதியானால் ஷெட்டில்தான் இருப்பார்கள். கையெல்லாம் கிரீஸ், செல்போன் முழுக்க உதிரிபாகங்களின் போட்டோ. வீட்டில் திட்டும் வாங்குவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பைத்தியம் யாரிடமிருந்து ஆரம்பித்தது என்று கேட்டால், கோவைக்காரர்கள் யோசிக்காமல் ஒரு பெயர் சொல்வார்கள். ஜி.டி.நாயுடு.

கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபர் 9-ம் தேதி திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவருடைய பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பெயரின் பின்னால் சாதி ஒட்டு வரலாமா என்று அப்போது ஒரு சர்ச்சையும் ஓடியது. மாதவன் நடிப்பில் அவருடைய வாழ்க்கையைச் சினிமாவாக எடுக்கும் வேலையும் தொடங்கியது. ஆனால் பாலத்தில் போகிற பலருக்கும் அவரைப் பற்றித் தெரிந்தது ஒற்றை வரிதான்: இந்தியாவின் எடிசன். அந்தப் பட்டம் அவ்வளவு பொருத்தமில்லை. எடிசனுக்கு ஆய்வகம் இருந்தது, முதலீட்டாளர்கள் இருந்தார்கள். நாயுடுவுக்கு ஆரம்பத்தில் இருந்தது ஒரே ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

யார் இந்த ஜி.டி.நாயுடு?

முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-ம் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மேலேயே மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய பையன் என்று ஊரில் பெயர். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அப்பாவின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டு, கிடைத்ததைத் தானாகப் படித்துக்கொண்டு இருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. வருவாய்த் துறையைச் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, மிதிக்கவும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! கலங்கல் மாதிரி ஒரு ஊரில் மாட்டு வண்டியைத் தவிர வேறு எதையும் பார்த்திராத பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் செய்த ரட்ஜ் பைக். 1912 மாடல். சைக்கிள் செய்து பேர் வாங்கிய கம்பெனி, மோட்டார் சைக்கிளில் இறங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒற்றை சிலிண்டர். பின் சக்கரத்தைச் சுழற்ற செயினுக்குப் பதில் பெல்ட். இன்றைக்கு இருப்பது போல பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிற வண்டி இல்லை. அந்தக் காலத்து பைக்குகளில் ஓட்டுகிற ஆளே இடையிடையே இன்ஜினுக்கு ஆயில் பம்ப் செய்ய வேண்டும். கவனம் தப்பினால் பிஸ்டன் இறுகிவிடும். அதாவது, வண்டி ஓட்டுகிறவர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தே ஆகவேண்டும்.

ரோடு? தார் என்பதே அபூர்வம். வண்டித் தடம், புழுதி, மழை பெய்தால் சேறு. இன்றைக்கு ஆஃப்-ரோடு என்று தேடிப்போய் ஓட்டுகிறோமே, அன்றைக்கு எல்லா ரோடும் ஆஃப்-ரோடுதான்.

ஹோட்டல் சப்ளையர் வாங்கிய பைக்

அந்த வண்டி தனக்கு வேண்டும் என்று முடிவு செய்தார் நாயுடு. காசு? கிராமத்தை விட்டுக் கிளம்பிக் கோவைக்கு வந்தார். ஒரு ஹோட்டலில் சப்ளையர் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் 3 வருஷம் அதே வேலை. சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த அதிகாரியிடமே போய் அந்த பைக்கை வாங்கினார்.

ஆசைப்பட்டு வாங்கிய வண்டியில் ஊரைச் சுற்றி வந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? முதலில் செய்தது வேறு. மொத்த வண்டியையும் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, எது எதோடு சேர்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்று பார்த்தார். பிறகு திரும்பவும் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை.

கழற்றுவது எல்லோருக்கும் வரும். திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ கூட மிச்சமில்லாமல், வண்டியும் ஸ்டார்ட் ஆகவேண்டும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. பழைய வண்டி வாங்கி ரீஸ்டோர் செய்கிறவர்கள் கழற்றும்போதே ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைப்பது இதற்காகத்தான். நாயுடுவிடம் கேமராவும் இல்லை, அந்த வண்டிக்கு விவரம் சொல்ல யூடியூபும் இல்லை. எல்லாம் ஞாபகத்தில்.

இது ஏதோ நூறு வருஷத்துக்கு முந்தைய கதை என்றும் தள்ளிவிட முடியாது. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு மாதிரி மீனவர் ஊர்களில் படகு இன்ஜின் மக்கர் செய்தால் கம்பெனி சர்வீஸ் ஆள் வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது. உப்புக் காற்றில் துருப்பிடித்த இன்ஜினைக் கரையில் வைத்துப் பிரிக்க வேண்டியதுதான். ஒருவர் பிரிப்பார், பக்கத்தில் நிற்கிற பையன் பார்த்துக் கற்றுக்கொள்வான். நாயுடு கற்ற பள்ளிக்கூடமும் இதே மாதிரிதான். பக்கத்தில் பிரித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

அந்த பைக்கைப் பிரித்துப் பூட்டியதில் அவர் மெக்கானிக் ஆனார். ஆனால் உடனே மோட்டார் தொழிலுக்குப் போய்விடவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கி நன்றாகவே சம்பாதித்தார். பிறகு மும்பைக்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் அதைத் தொலைத்தார். வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

ஒரே ஒரு பஸ்

கோவையில் அப்போது பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். காபி, மில், பள்ளிக்கூடம் என்று கோவையின் பழைய வரலாறு முழுக்க அந்தப் பெயர் வரும். அவர் கடன் கொடுத்து உதவ, 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சி - பழனி ரூட். ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

பழனிக்குப் போகிற பக்தர் கூட்டம் இருக்கும்வரை அந்த ரூட்டில் ஆளுக்குப் பஞ்சம் வராது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒன்று பலவானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., கோவை வட்டாரத்தில் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. நாட்டிலேயே ஒழுங்காக நடக்கிற பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பஸ் கம்பெனி நடத்துகிற மற்றவர்களுக்கு இன்ஜின் கெட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். நாயுடுவுக்கு அந்த அவசியமே இல்லை. உதிரிபாகம் கப்பலில் வந்து சேரும்வரை வண்டி ஷெட்டில் நின்றால் அன்றைய வசூல் போச்சு. அதனால் பாகங்களைத் தங்கள் பட்டறையிலேயே சரிசெய்தார்கள், முடிந்ததைச் செய்துகொண்டார்கள். இன்றைக்குக் கோவையில் எந்தப் பழைய வண்டிக்கும் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து வாங்கிவிடலாம் என்று ரீஸ்டோர் செய்கிறவர்கள் சொல்வதுண்டு. அந்தப் பட்டறைப் பழக்கத்துக்கு யு.எம்.எஸ். காலத்திலேயே வேர் இருக்கிறது.

மோட்டார், ரேசர், ரேடியோ

பஸ் இன்ஜினோடு நின்றுவிடவில்லை. பிரித்துப் பார்க்க எது கிடைத்தாலும் விடமாட்டார் போலிருக்கிறது. 1930-களில் ஐரோப்பா போனார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படமெடுத்தார். ஜெர்மனியில் ஹிட்லரையும் படம் எடுத்திருக்கிறார். அந்தப் போட்டோவை இன்று சிலர் பெருமையாகப் பகிர்கிறார்கள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அவர் ஜெர்மனிக்குப் போனதில் உருப்படியாக வந்தது அங்கிருந்த இயந்திரத் தொழிலைப் பார்த்துக் கற்றதுதான். ரசன்ட் என்ற பெயரில் பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் வைத்த ஷேவிங் ரேசர் அவருடைய வடிவமைப்பு. ரொம்ப மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழிகிற கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும்.

1937-ல் இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் கோவை பீளமேட்டில் இருந்த நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸிலிருந்து வந்தது. வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் இதை நாயுடு தனியாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லும். அது முழு உண்மை இல்லை. டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த வேலை அது. அதே பாலசுந்தரம்தான் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். கோவை பம்ப்செட் ஊராக மாறியதில் இருவருக்கும் பங்கு உண்டு. ஒருவர் பெயர் பாலத்தில் இருக்கிறது என்பதற்காக இன்னொருவரை மறந்துவிடக் கூடாது.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்பது பணக்கார வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. அவருடைய எல்லா முயற்சியிலும் இந்த ஒரு பிடிவாதம் இருக்கிறது: பொருள் உள்ளூரில் தயாராக வேண்டும், சாதாரண ஆள் வாங்குகிற விலையில் இருக்கவேண்டும்.

1936-ல் மாகாணத் தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. அரசியல் அவருக்குச் சரிப்படவில்லை.

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த வருஷம் கோவையில் தொழிற்கல்வி நிறுவனங்கள் தொடங்கப் பணமும் உழைப்பும் கொடுத்தார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்தன. இன்றைக்கு ஜி.சி.டி. என்று சொல்கிறோமே, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதன் தொடக்கம் அங்கேதான். தொடக்கப் பள்ளியைத் தாண்டாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். ஆனால் நீடிக்கவில்லை. பொறியியல் படிக்க நான்கு வருஷம் தேவையே இல்லை, அது மாணவர்களின் காலத்தை வீணாக்குவது என்பது அவருடைய வாதம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார்.

நான்கு வருஷம் வேண்டாம் என்ற அவருடைய வாதம் சரியா தப்பா என்பது வேறு. பைக்கைப் பிரித்துக் கற்றவருக்கு அப்படித்தான் தோன்றும்.

2,000 ரூபாய் கார் ஏன் ஓடவில்லை?

நாயுடு கதையில் மனசு வலிக்கிற இடம் இதுதான்.

1952-ல் அவருடைய இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் தயாரானது. விலை 2,000 ரூபாய்தான் என்று சொன்னார். நடுத்தரக் குடும்பம் கார் என்ற கனவையே காணாத காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் கார் சந்தைக்கு வரவே இல்லை. காரணம் லைசென்ஸ். 1951-ல் வந்த தொழில் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு யார் எதைத் தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை டெல்லிதான் முடிவு செய்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளுக்கு மட்டுமே கார் தயாரிக்க அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டிக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸுமே 1950-களின் நடுப்பகுதிக்குள் கடையைக் கட்டிவிட்டன. நாயுடுவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. உற்பத்தி நின்றுபோனது.

அரசுக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்நியச் செலாவணி குறைவு, இரும்பு குறைவு. கையில் இருந்ததைச் சில கம்பெனிகளுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் கோவைப் பட்டறையில் தயாராகி நிற்கிற காருக்கு இந்த நியாயம் எப்படி இருந்திருக்கும்?

அதிகாரிகளோடும் வரிகளோடும் அவருக்கு இருந்த கோபம் ஒரு கட்டத்தில் வெடித்தது. தன் கருவிகளைத் தானே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துப் போட்டு எதிர்ப்பைக் காட்டினார். பிரித்தால் திரும்பப் பூட்டிவிடுகிற கை, முதல்முறையாகப் பூட்ட முடியாதபடி உடைத்தது.

ஜீப் மட்டும் எப்படித் தப்பியது?

இதே காலத்தில்தான் ஜீப் இந்தியாவில் கால் ஊன்றியது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸும் ஃபோர்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைத் தயாரித்தன. போர் முடிந்ததும் பல நாடுகளிலும் மிச்சம் கிடந்த ஜீப்கள் ஏலத்துக்கு வந்தன. 1947-ல் மஹிந்திரா மும்பையில் வில்லிஸ் ஜீப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. ராணுவம், போலீஸ், எஸ்டேட், அரசு அலுவலகம் என்று எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. அதனால் அது நிலைத்தது.

அதன் பலனை இன்று அனுபவிப்பது பழைய ஜீப் பிரியர்கள்தான். ஒரே அடிப்படை வடிவம் இங்கே பல பத்தாண்டுகள் தயாரானதால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஒரு பழைய ஜீப்பை எழுப்பி ஓட்ட முடிகிறது. நாயுடுவின் 2,000 ரூபாய் காரை ரீஸ்டோர் செய்யலாம் என்று ஆசைப்பட்டாலும், ரோட்டுக்கு வராத வண்டியை எந்த ஏலத்தில் போய்த் தேடுவது?

பழைய வண்டி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது

நாயுடு அன்று அதிகாரியிடம் பணத்தைக் கொடுத்து வண்டியை வாங்கிவந்தார். இன்று அப்படி முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஜீப்பில் பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. கீழே படுத்து சேஸிஸில் வெல்டிங் ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இன்ஜினை மாற்றிவிடலாம், துருப்பிடித்த சேஸிஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

50 வருஷத்துக்கு மேல் பழசான, பெரிய மாற்றம் செய்யாத டூவீலர், கார்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. வின்டேஜ் வாகனமாகப் புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் இப்படிப் பதிவு செய்த வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ரேலி, எரிபொருள் நிரப்ப, பராமரிப்புக்கு என்று மட்டுமே எடுக்கலாம். வணிகப் பயன்பாடு கூடவே கூடாது. தினசரி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் வழி.

மாற்றம் செய்யாத வண்டி என்ற விதி நாயுடுவுக்குப் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான். அவருக்கு வண்டி என்பது காட்சிப்பொருள் இல்லை. கையில் கிடைத்ததை எப்படி இன்னும் நன்றாக, மலிவாகச் செய்யலாம் என்றுதான் பார்த்தார். அசல் போல்ட்டுக்காக ஆறு மாசம் அலைகிற இன்றைய ரீஸ்டோரேஷன் பிரியர்கள் அவரோடு ஒரு ஷெட்டில் வேலை செய்திருந்தால் தினமும் சண்டைதான்.

கடைசிக் காலம்

பிற்பாடு அவர் கவனம் தோட்டத்துக்குத் திரும்பியது. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி என்று பயிர்களில் சோதனைகள் செய்தார். சர் சி.வி.ராமன், விஸ்வேஸ்வரய்யா போன்றவர்கள் அவருடைய பண்ணையை வந்து பார்த்தார்கள். 1967-ல் கோவையில் தொழில் கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் காலமானார்.

அவிநாசி சாலையில் பிரசிடென்ட் ஹால் வளாகத்தில் அவருடைய கருவிகளைப் பார்க்கலாம். அவர் பெயரிலான அறக்கட்டளை 2015-ல் அங்கே ஜிடி கார் அருங்காட்சியகத்தையும் திறந்தது. பல நாட்டுப் பழைய கார்கள் சீர்செய்யப்பட்டு வரிசையாக நிற்கின்றன. மோட்டார் வண்டி எப்படி ஆரம்பித்தது, டயர் எப்போது வந்தது, இன்ஜின் எப்படி மாறியது என்று குழந்தைகளுக்கும் புரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

ரட்ஜ் பைக்குகளின் உற்பத்தி இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு முடிந்துபோனது. நாயுடு பெயர் தாங்கிய புதிய மேம்பாலம் இப்போது அந்த அருங்காட்சியகம் இருக்கிற அதே அவிநாசி சாலைக்கு மேலேதான் போகிறது. கார்களைப் பார்க்கவேண்டும் என்றால் பாலத்தில் ஏறாமல் கீழ் ரோட்டில் போங்கள்.